சொட்டுகிற பம்ப் பழுதான பம்பா?

நம்பிக்கை: பம்பின் கிளாண்டில் தண்ணீர் சொட்டினால் கோளாறு. நட்டை இறுக்கிவிட வேண்டும்.

உண்மை: சொட்டத்தான் வேண்டும். கிளாண்டுக்குள் சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றித் திணித்திருக்கும் பேக்கிங் கயிற்றைக் குளிர வைப்பதும் உரசாமல் காப்பதும் அந்தச் சொட்டுதான். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு என்பது ஃபிட்டர்கள் வாயில் புழங்கும் கணக்கு. பெரிய பம்ப் என்றால் கூடும். மேலதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில்தான் ஆபத்து. தரை ஈரமாகத் தெரியக் கூடாதென்று யாராவது ஸ்பானரைத் திருப்பிவிடுவார்கள். சொட்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் கிளாண்டில் கை வைக்க முடியாது. பேக்கிங் கருகும் வாடை வரும். கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் ஸ்லீவில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். அதன்பிறகு எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் ஒழுகல் நிற்காது. மெக்கானிக்கல் சீல் போட்ட பம்ப் வேறு கதை: அது கண்ணுக்குத் தெரிய ஒழுகினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

நம்பிக்கை: பேரிங்குக்கு கிரீஸ் எவ்வளவு வைத்தாலும் நல்லதே.

உண்மை: இல்லை. கூட்டில் பாதிக்கு மேல் நிரப்பினால் கிரீஸைக் கடைந்து கடைந்தே பேரிங் சூடேறும்.

நம்பிக்கை: ஸ்டாண்ட்பை பம்பை ஓட்டாமல் வைத்தால் புதிதாகவே இருக்கும்.

உண்மை: பக்கத்துப் பம்பின் அதிர்வில், அசையாமல் நிற்கும் பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் தடம் பதிக்கும். மோட்டார் சுருளில் ஈரம் ஏறும். மாற்றி மாற்றி ஓட்டாத ஸ்டாண்ட்பை, ஸ்டாண்ட்பையே அல்ல.

நம்பிக்கை: மணல் வடிகட்டியை எவ்வளவு அடிக்கடி கழுவுகிறோமோ அவ்வளவு சுத்தம்.

உண்மை: அந்தக் கழுவல், அதாவது பேக்வாஷ், முடிந்தவுடன் வரும் முதல் நீர்தான் கலங்கல் மிகுந்தது, மணல் மறுபடி பதத்துக்கு வரச் சற்று நேரமாகும். அழுத்த இழப்பும் வெளிவரும் நீரின் கலங்கலுமே கழுவும் வேளையைத் தீர்மானிக்க வேண்டும். தேவையில்லாத பேக்வாஷில், சுத்திகரித்த நீரும் வீணாய்ப் போகிறது.

நம்பிக்கை: பம்ப் ஓடுவதுதான் முக்கியம். அளவுகருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: இதில்தான் எனக்குக் கோபம் வரும். 1993 வசந்த காலத்தில், மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் அமெரிக்க நகரமான மில்வாக்கியில் ஏறத்தாழ 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டதாக மதிப்பிட்டார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம். குளோரினுக்கு எளிதில் மசியாத இந்தக் கிருமிக்கு அங்கே இருந்த முக்கியத் தடுப்பு வடிகட்டல்தான். நகரின் தெற்கு நிலையத்தில் வடிகட்டிய நீரின் கலங்கல் 1.7 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) வரை போயிற்று. கலங்கலை இடைவிடாமல் அளக்கும் மானிகள் அங்கே இருந்தன, பயன்பாட்டில் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அளந்தார்கள். நீரைத் தெளியவைக்கும் ரசாயனத்தின் அளவைச் சரிசெய்ய உதவும் இன்னொரு கருவியைத் தவறாகப் பொருத்தியிருந்ததால் அதுவும் சும்மா கிடந்தது. ஓடாத பம்ப் உடனே தெரிந்துவிடும், ஊரே போன் போடும். அளக்காத மானியைப் பற்றிப் புகார் சொல்ல யாரும் வருவதில்லை. ஆகவே மாதாந்திரப் பராமரிப்புப் பட்டியலில் மானியின் லென்ஸைத் துடைப்பதும், தெரிந்த அளவுள்ள கரைசலை வைத்துச் சரிபார்ப்பதும் பம்புக்கு முந்தின வரியில் இருக்கட்டும்.