கேமரா அட்டெண்டர் ஃபோகஸ் புல்லர் ஆவது எப்படி?

சென்னையில் சினிமா கேமரா வாடகைக்கு விடும் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதலில் கிடைப்பது பெட்டி தூக்கும் வேலைதான். கேமராவோடு படப்பிடிப்புக்குப் போய், அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கேமரா அட்டெண்டர் என்று பெயர். இதிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கிவிட்டவர்கள் உண்டு. நடிகர் நகர நகர லென்ஸின் ஃபோகஸைத் திருப்பி முகத்தைத் தெளிவாக வைத்திருக்கும் ஃபோகஸ் புல்லராகி, உதவி ஒளிப்பதிவாளராகி மேலே போனவர்களும் உண்டு. யூனிட்டில் யாருக்கும் கூப்பிட்டு வைத்துக் கற்றுத்தர நேரமிருக்காது. பயிற்சிக்கான வழியைத் தானே தேடிக்கொண்டவர்தான் மேலே போகிறார்.

எடுத்த எடுப்பில் ஒளிப்பதிவாளர் நாற்காலியைக் குறிவைக்காமல், ஒரு படி மேலே இருக்கும் ஃபோகஸ் வேலையில் கண்வைப்பது நல்லது. அதற்கு முதல் தேவை தூரத்தைக் கண்ணாலேயே அளக்கும் பழக்கம். டீக்கடை, பஸ் ஸ்டாப், எங்கே நின்றாலும் எதிரில் இருக்கும் கம்பம் எத்தனை அடி என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, டேப்பால் அளந்து பார்க்க வேண்டும். சில மாதங்களில் பிசகு அங்குலக் கணக்குக்கு வந்துவிடும்.

அடுத்தது லென்ஸ் கணக்கு. சூப்பர் 35 சென்சாரில் 85 மி.மீ. லென்ஸைப் போட்டு, துளையை டி2 அளவுக்குத் திறந்து, 2 மீட்டர் தள்ளி நிற்கும் நடிகரின் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 5 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் நின்றால் காது மங்கிவிடும். அதே இடத்தில் 35 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய ஓர் அடி கிடைக்கும். இந்த அளவுகளைச் சொல்லும் செயலிகள் போனிலேயே இருக்கின்றன. ஆனால் டேக் ஓடும்போது போனைப் பார்க்க முடியாது. அடிக்கடி வரும் லென்ஸ்களுக்காவது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு நல்ல இடம் வாடகை நிறுவனமே. வேலையில்லாத நாளில் அனுமதி கேட்டு, கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, நண்பர் ஒருவரை நடந்துவரச் சொல்லலாம். அவர் நிற்கும் இடங்களில் தரையில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் அளந்து, ஃபோகஸைத் திருப்பும் கருவியான ஃபாலோ ஃபோகஸின் வெள்ளை வளையத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நடிகர் கிளம்பிய பிறகு வளையத்தைத் திருப்பினால் தாமதமாகிவிடும். கிளம்புவதற்கு முன் தோள் லேசாகச் சாயும். கை அப்போதே அசைய வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து வரவைக்க முடியாது. இப்படிப் பழக அனுமதி தரும் முதலாளிகள் தொழிலுக்கே நன்மை செய்கிறார்கள்.

பாதுகாப்பையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பு அரங்கில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். கிரேனுக்குக் கீழே நிற்கக்கூடாது என்பது போலவே மின்சாரக் கணக்கும் உயிர் காக்கும். 2 கிலோவாட் விளக்கு நான்கை 230 வோல்ட்டில் எரித்தால் சுமார் 35 ஆம்பியர் இழுக்கும். 32 ஆம்பியர் லைன் அதைத் தாங்காது. லைட்மேன்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இதை விட்டுவிடக் கூடாது.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்குத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். வேலையை விட முடியாதவர்கள், புனே திரைப்படக் கல்லூரி 2017 முதல் பல ஊர்களில் நடத்திவரும் குறுகிய காலப் பயிற்சிகளைக் கவனிக்கலாம். சான்றிதழ் இருந்தாலும் பெரிய யூனிட்டுகளில் தொழிற்சங்க உறுப்பினர் அட்டை கேட்பார்கள். சேரும் விதியையும் கட்டணத்தையும் சங்க அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, பணம் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் வாய்ப்பு பெரும்பாலும் குறும்படத்திலோ, சீரியலில் ஆள் வராத ஒரு நாளிலோதான் வரும். அன்று ஒரு டேக்கில் ஃபோகஸ் நழுவினால், 'கட்' சொன்னதும் ஒளிப்பதிவாளரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். அப்போதே இன்னொரு டேக் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். எடிட்டிங்கில் தெரியவந்தால், அதே நடிகரையும் அதே லொகேஷனையும் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும்.