நெல்லின் வேர் சுவாசிக்கும் விதம்

சேற்றிலும் நீரிலும் நின்று வளரும் நெல்லின் வேருக்கும் காற்று வேண்டும். குடியானவர்களிற் பலர் இதனைக் கவனிப்பதில்லை. மண்ணிலுள்ள சத்துக்களை உட்கொள்ளுவதற்கு வேண்டிய சக்தியை வேர் சுவாசித்தே பெறுகிறது.

நீரில் பிராணவாயு பரவும் வேகம், காற்றிற் பரவும் வேகத்தில் ஏறக்குறைய 10,000-ல் ஒரு பங்கேயாகும். ஆதலின் நீர் தேங்கிய மண்ணிலுள்ள பிராணவாயு ஓரிரு நாட்களில் தீர்ந்துபோகிறது. துவரையும் மிளகாயும் அந்நிலையில் வாடிவிடும். நெல்லோ இலை, தண்டு, வேர் ஆகியவற்றினுள் தொடர்ச்சியான காற்றறைகளை அமைத்துக்கொண்டு, மேலிருந்து காற்றைக் கீழிறக்குகிறது. வேரைக் குறுக்கே அறுத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கின் இவ்வறைகள் புலப்படும். வேரினின்று கசியும் பிராணவாயு, அருகிலுள்ள இரும்புச் சத்தைத் துருவாக்குவதால் வேரின்மேல் செம்பழுப்பு நிறம் படிகிறது. இதனை நோயென்று அஞ்ச வேண்டுவதில்லை.

வேர் கறுத்து, பிடுங்கியவுடன் அழுகிய முட்டை நாற்றம் வீசுமாயின் அதுவே அஞ்சத்தக்கது. தழையுரத்தை மிகுதியாக மிதித்து, அது மட்குமுன் நட்டு, வடிகாலின்றி நீரைத் தேக்கிய வயல்களில் கந்தகங் கலந்த நச்சு வாயு உண்டாகி வேரைக் கெடுக்கும். இலை வெளுப்பதைக் கண்டு உடனே மேலுரம் வாங்கி இடுவோர் உளர். மூச்சு முட்டிய வேர் அதனை எவ்வாறு உட்கொள்ளும்? பணம் நீரோடு போம். முதலில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்த்தல் வேண்டும். கறுத்திருப்பின் நீரை வடித்து, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும்வரை ஆறவிட்டு, மீண்டும் பாய்ச்சுக. சில நாட்களில் புதிய வெள்ளை வேர்கள் விடும். உரத்தை அதன்பின் இடலாம். பூக்குந் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடலாகாது.