அடாப்டரின் மின்னழுத்தம் ஏன் வீழ்கிறது?

கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தின் லயத்து வீட்டில், தொலைக்காட்சியுடன் இணைத்த டிகோடர் பெட்டி அடிக்கடி தானாக அணைந்து மீண்டும் எரிந்துகொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பின்னர், பழைய தொலைக்காட்சியை வைத்திருப்போருக்கு இப்பெட்டி இன்றிச் செய்தியும் இல்லை, படமும் இல்லை. வீட்டுக்கார அம்மையார் தோட்டத்துக் கரண்டின் மீது பழி போட்டார். முன்னாளில் அறிவியல் பாடம் நடத்திய பழக்கத்தால் என் பையில் எப்போதும் மல்டிமீட்டர் ஒன்று இருக்கும். அடாப்டரின் முனையை அளந்தேன்; 12.1 வோல்ட் காட்டியது. அடாப்டர் நன்றாக இருக்கிறது, பெட்டிதான் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அடாப்டர் இல்லாத பழைய பெட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். அதுவும் அவ்வாறே அணைந்தது. என் கூற்று தவறு. அவருடைய ஊகமும் தவறு. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கரண்டின் மீது பழி போடும் வழக்கம் பழைய அடாப்டர்களிலிருந்து வந்ததாகும். கையில் கனக்கும் அந்த இரும்புள்ள மின்மாற்றியில், உள்ளே வரும் அழுத்தம் குறைந்தால் வெளியே செல்வதும் அதே விகிதத்தில் குறையும். இன்றைய இலேசான அடாப்டர் வேறு வகையினது. அதன் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் முறையான வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 216 வோல்ட் வரை குறைய இடமுண்டு. நீண்ட கம்பியின் கடைசியிலுள்ள வீட்டில் அது 200 ஆகவே இறங்கினாலும் இவ்வகை அடாப்டர் பொருட்படுத்தாது.

அது வேலை செய்யும் முறையே காரணம். வீட்டு மின்சாரம் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னாக மாற்றப்பட்டு ஒரு மின்தேக்கியில் சேர்கிறது. மின்னணுச் சுவிட்சு ஒன்று அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறிய மின்மாற்றிக்குள் அனுப்புகிறது. மறுபுறம் டையோடு வழியாக வெளிவருவது இன்னொரு மின்தேக்கியில் நிரம்புகிறது. இந்த இரண்டாவது மின்தேக்கியை வீட்டின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டி என்று கொள்ளுங்கள். நீர்மட்டத்தைப் பார்த்து வால்வைத் திறந்து மூடும் காவலாளி போன்ற சுற்று ஒன்று, 12 வோல்ட் குறையாமல் காக்கிறது.

தொட்டியில் சேறு அடைந்துவிட்டால்? எவரும் நீர் எடுக்காத வேளையில் மட்டம் சரியாகவே தெரியும். குழாயைத் திறந்தவுடன் வடிந்துவிடும். நான் அளந்தது குழாய் மூடியிருந்த வேளையில்!

பிரிக்பீல்ட்ஸில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இதை ஒரு நிமிடத்தில் காட்டினார். திருகு முனையுள்ள சாக்கெட் ஒன்றில் அடாப்டரைச் செருகி, 12 வோல்ட், 5 வாட் வாகன பல்புகள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தார். இவை சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 1 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டருக்கே இச்சோதனை பொருந்தும். மானி 8.6 வோல்ட்டுக்கு இறங்கியது. (குளிர்ந்த பல்பு முதற்கணத்தில் அதிக மின்னோட்டம் இழுப்பதால் ஓரிரு முறை கண் சிமிட்டக்கூடும், அது பழுதன்று.)

சுமையோடு அளக்கும்போது அழுத்தம் 12க்கு அருகிலேயே நின்றால், கம்பியையும் செருகும் முனையையும் அசைத்துப் பாருங்கள். இற்றுப்போன கம்பியில் 1 ஓம் தடை இருந்தால், 1 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பல்புடன் சரியாக நிற்கும் அடாப்டர், கருவியுடன் சேர்ந்தவுடன் "டிக், டிக்" என்று விட்டுவிட்டு இயங்கினால், கருவியே அளவுக்கு மீறி இழுக்கிறது எனலாம்.

மின்தேக்கி ஏன் பழுதாகிறது? உள்ளிருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. தகரக் கூரையின் கீழ், தொலைக்காட்சிக்குப் பின்னால், துணிக்கடியில் அடாப்டரைச் செருகி வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். தலை உப்பிய மின்தேக்கி பழுதின் அடையாளம், உப்பாமலும் பழுதாவதுண்டு.

ஆயினும் அடாப்டரை வீட்டில் பிரிக்கவே வேண்டா. முன்னர்க் கூறிய 325 வோல்ட், செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே தங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்க வல்லது. மேலே சொன்ன அளவைகள் யாவும் வெளிமுனையில் செய்பவை. உட்புறம் பயிற்சி பெற்றவரின் வேலை. அவர் அதே கொள்ளளவும், அதே அல்லது கூடுதல் வோல்ட் தாங்கும் திறனும், 105 டிகிரி குறியும் உள்ள மின்தேக்கியை மாற்றுவார். புடு, ஜாலான் பாசார் கடைகளில் இத்தகைய உதிரிகள் கிடைக்கும்.

புதிய அடாப்டரே வாங்குவதாயின், வோல்ட் அளவும் முனையின் கூட்டல் கழித்தல் குறியும் பழையதைப் போலவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையலாகாது. சிரிம் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். அம்மையாரின் பழைய பெட்டி புதிய அடாப்டருடன் இன்று நன்றாக ஓடுகிறது. இரண்டாவதாக வாங்கிய பெட்டியை நான் விலை கொடுத்துப் பெற்றுக்கொண்டேன்.