கல்யாண ஓலையும் விசாப் பத்திரமும்



நமது கோயிலில் ஒரு கல்யாணம் மந்திரிக்கப்படுவதற்கு முன் மூன்று முறை ஓலை வாசிக்கப்படுவதை எல்லோரும் அறிவீர்கள். மாப்பிள்ளை அயல்நாட்டிலிருந்து மூன்று வார லீவில் வந்திருந்தால், "சுவாமி, ஓலையைச் சுருக்கலாகாதா? அவருடைய பங்கிலிருந்து விவாகத் தடையில்லாச் சான்று வராவிட்டால்தான் என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. விசாரணை அவர்களுக்குக் கசக்கிறது. ஆனால் கல்யாணத்துக்குப் பின் கணவனோடு சேர்ந்து வாழ அயல்நாடு செல்லும் பெண்ணுக்கு, இதைக் காட்டிலும் நீண்ட விசாரணை ஒன்று காத்திருக்கிறது. அதைப் பற்றி இந்த வாரம் படிப்போம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறாகையால், அமெரிக்க ஐக்கிய நாடுகளை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். மனைவியைத் தேடிக் கணவன் போவதானாலும் முறை இதுவே.

முதலாவது அறியவேண்டியது, மாப்பிள்ளை அந்த நாட்டில் எந்த நிலையில் இருக்கிறார் என்பது. பெண் வீட்டார் சம்பளத்தை விசாரிக்கிறார்கள். குடிக்கிறாரா என்றும் விசாரிக்கிறார்கள். இதை மட்டும் "அமெரிக்காவில் இருக்கிறார்" என்ற ஒரே வார்த்தையோடு விட்டுவிடுகிறார்கள். அவர் அந்நாட்டுப் பிரஜையானால், மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. கிரீன் கார்டு உள்ளவரானால், மனைவி எப்.2ஏ என்ற வகுப்பில் சேருவாள். அதற்கு வரம்பு உண்டு. அந்நாட்டு வெளிவிவகார இலாகா மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் தன் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். எச்.1பி என்னும் வேலை விசாவில் இருப்பவரோ இன்னும் குடியேறியவரே அல்ல. அவர் மனைவி எச்.4 விசாவில் உடன் போகலாம். ஆனால் அது குடியேற்ற விசா ஆகாது. இந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணிக் கல்யாணம் பேசிவிட்டுப் பிறகு கலங்குவதில் பயனில்லை.

மனுப் போடவேண்டியவர் கணவன், மனைவி அல்ல. அந்த மனுவுக்கு ஐ-130 என்று பெயர். விவாகம் நடந்தேறிய பின்னரே அதைப் போடமுடியும். 2024 ஏப்ரலில் விதித்த கட்டணம், தாளில் எழுதி அனுப்பினால் 675 டாலர், இணையத்தின் வழியானால் 625 டாலர். அனுப்பும்போது அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மனு ஏற்கப்பட்டபின் காரியம் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துப் போர்ட்ஸ்மவுத் நகரிலுள்ள தேசிய விசா நிலையத்துக்குப் போகிறது. அங்கே மனைவி டி.எஸ்.-260 என்ற விண்ணப்பத்தையும் தன் தஸ்தாவேஜுகளையும், கணவன் ஐ-864 என்ற பொறுப்புப் பத்திரத்தையும் சமர்ப்பிக்க வேண்டும். பிறகு வைத்தியப் பரிசோதனையும் நேர்காணலும். இந்தியாவிலிருந்து குடியேறுவோருக்கு நேர்காணல் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்திலேயே நடக்கிறது. சென்னைதானே, காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று எண்ணவேண்டாம்.

இனி, நம்மவர்களுக்கு அதிகத் தொல்லை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். அது பெயர்! கோயில் பதிவேடுகளைப் பலகாலம் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் சவேரியம்மாள். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் எழுதிக்கொண்டது எஸ். மேரி. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரை விரித்து மேரி சூசை. வீட்டில் பாப்பா. நமக்கு இவர்கள் எல்லோரும் ஒருத்தியே. கடல் கடந்த உத்தியோகஸ்தனுக்கோ நாலு பேர்! நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமும் இல்லை. பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களில் ஒன்று காலியாயிருந்தால், அமெரிக்க விசாவில் உள்ள ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, சொந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் எப்.என்.யு. என்று அச்சிட்டுவிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் இருக்க, பெயர் தெரியாதவளாய்ப் போய் இறங்குவானேன்? கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டின் இரு கட்டங்களும் சரியாக நிரம்பியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்று இல்லாதவர்கள், பதிவு இல்லை என்று அரசாங்க அலுவலகத்தில் எழுதி வாங்கி, அதோடு ஞானஸ்நானச் சான்றையும் பள்ளிச் சான்றையும் துணையாகக் காட்டலாம். இங்கே ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் உள்ள தேதிக்கு ஏற்ப ஞானஸ்நானத் தேதியையும் பிறந்த தேதியையும் மாற்றித் தரும்படி யாரும் கேட்கவேண்டாம். பதிவேட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதித் தரத்தான் முடியும். உள்ளபடி இருப்பதனால்தான் அதற்கு மதிப்பு.

கோயிலில் நடந்த விவாகம் 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி செல்லும். அதோடு நின்றுவிடக்கூடாது. 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், எந்த மதத்தாராயினும் 90 நாளுக்குள் விவாகத்தைச் சார்பதிவாளரிடம் பதிவுசெய்யவேண்டும் என்கிறது. மாப்பிள்ளை லீவு முடிந்து விமானம் ஏறுவதற்குள் இதை முடித்துவிடுவது புத்தி. தமிழில் உள்ள சான்றுகளுக்கு உறுதிமொழியோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். போலீஸ் நற்சாட்சிப் பத்திரம் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாகக் கிடைக்கும். பெண் முன்னே குவைத்திலோ துபாயிலோ ஓராண்டு வேலை பார்த்திருந்தால், அந்த நாட்டுப் போலீசின் பத்திரமும் வேண்டும். இது தாமதமாகிற காரியம். முந்தியே கேட்டு வையுங்கள்.

வைத்தியப் பரிசோதனையைத் தூதரகம் நியமித்த டாக்டரிடமே செய்துகொள்ளவேண்டும். மார்பு எக்ஸ்ரேயில் காசநோயின் அடையாளம் எதுவும் தென்பட்டால் சளியை வளர்த்துப் பார்ப்பார்கள்; அதற்கே எட்டு வாரம் பிடிக்கும். ஆகையால் விசா கையில் வருமுன் விமானச் சீட்டு வாங்காதீர்கள், வேலையை ராஜினாமாச் செய்யாதீர்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தது, கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், அவர் என்ன வேலை பார்க்கிறார், முன்பு விவாகமானவரா? பெரியோர் பேசி முடிக்கும் விவாகம் அங்குள்ள உத்தியோகஸ்தருக்குப் புதிதல்ல. ஆகவே, பத்து வருஷக் காதல் என்று கதை கட்டச் சொல்லும் தரகனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாமன் வழியில் வந்த சம்பந்தம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்தார்கள் என்பது உண்மையானால் அதையே சொல்லலாம். முன்பு ஒரு விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் மறைக்கவேண்டாம். மறுக்கப்பட்டது தடையாகாதிருக்கலாம், அதை மறைத்த பொய்யே தடையாகிவிடும்.

குடியேறுவதற்காக மாத்திரம் பொய்க் கல்யாணம் செய்வோருக்கு அந்நாட்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. பின்னொரு காலத்தில் மெய்யாகவே விவாகம் செய்தாலும் அவர்களுக்கான மனு ஏற்கப்படாது. உள்ளத்தில் சம்மதமின்றி வாயால் மட்டும் சொன்ன சம்மதத்தைத் திருச்சபைச் சட்டமும் விவாகமென்று கொள்வதில்லை.

இவ்வளவும் முடிய ஓராண்டுக்கு மேலும் செல்லக்கூடும். அந்தக் காலத்தில் பெண் படுகிற பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். புகுந்த வீட்டில் கணவன் இல்லை, பிறந்த வீட்டில் தங்கினாலோ, "இன்னும் கூப்பிடவில்லையா?" என்று தெருவார் கேட்கிறார்கள். கணவனுடைய மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசாக் கேட்டால், இவள் திரும்பமாட்டாள் என்றே உத்தியோகஸ்தர் எண்ணுவது வழக்கம். 12-ம் பத்திநாதர் 1952 ஆகஸ்ட் 1-ந் தேதி புலம்பெயர்ந்தோரைக் குறித்து எழுதிய சாசனத்தில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே அவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார். அங்கே சூசையப்பர் மாதாவையும் பாலனையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். நம் பிள்ளைகளுக்கோ ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் போகவேண்டியிருக்கிறது. ஆகவே அவளிடம் காரணம் கேட்டு வாட்டாதிருங்கள். மாமியார்மார்களே, அவளுடைய பாஸ்போர்ட் உங்கள் பீரோவில் அல்ல, அவள் பெட்டியில் இருக்கட்டும்.

கணவன் கையெழுத்திடும் ஐ-864 பத்திரம் வெறும் சடங்கல்ல. தன் வருமானம் அந்நாட்டு வறுமைக் கோட்டின் அளவுக்கு 125 சதவீதமாவது உண்டென்று காட்டி, மனைவியைத் தாங்குவேன் என்று அவர் அரசாங்கத்துக்கு எழுதித் தருகிறார். வருமானம் போதாவிட்டால் இன்னொருவரும் கூடப் பொறுப்பேற்கலாம். விவாகரத்து நேர்ந்தாலும் இந்தப் பொறுப்பு நீங்குவதில்லை என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அங்கே போய் இறங்குகிற நாளில் விவாகமாகி இரண்டு ஆண்டு நிறையாவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மாத்திரம் செல்லுகிற நிபந்தனைக் கார்டு கிடைக்கும். அது முடியுமுன் உள்ள கடைசி 90 நாளில், கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற மனுவைப் போடவேண்டும். கணவன் கையெழுத்திட மறுப்பானோ என்று அஞ்சி, அடியையும் உதையையும் பொறுத்துக்கொண்டு கிடக்கிற பெண்கள் உண்டு. உண்மையான விவாகமாயிருந்து, அவன் கொடுமைப்படுத்தினாலோ விவாகரத்து நேர்ந்தாலோ, கணவன் கையெழுத்தில்லாமல் அவள் தனியே அந்த மனுவைப் போடச் சட்டம் இடம் தருகிறது. புறப்படுகிற மகளுக்கு ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் இதையும் அவள் காதில் போட்டு அனுப்புங்கள்.

இனி ஓலை எழுதிக் கொடுக்க வருகிறவர்கள், மாப்பிள்ளையாவது பெண்ணாவது அயல்நாடு செல்பவரானால், பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். விவாகப் பதிவேட்டில் எழுதுமுன் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.