ஜீன்ஸுக்கு ஒரு பெயர்

பெங்களூருவில் மைசூர் சாலை, பீன்யா போன்ற பகுதிகளில் உடை தைக்கும் ஆலைகள் பல உள்ளன. தினமும் காலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். சட்டை தைக்கிறார்கள். ஜீன்ஸ் தைக்கிறார்கள்.

அந்த ஜீன்ஸ் கடைக்கு வருகிறது. இடுப்புப் பட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அது தைத்தவரின் பெயர் அல்ல. ஆனால் வாங்குபவர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் விலை கொடுக்கிறார்.

ஒரு பெயருக்கு ஏன் இத்தனை மதிப்பு? தைப்பவர் தம் பெயரை வைக்க முடியாதா?

ஒரு தையற்காரரின் கதை

அமெரிக்காவில் ரீனோ என்று ஓர் ஊர். அங்கே ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். 1870-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பெண் அவரிடம் வந்தார். அவருடைய கணவர் மரம் வெட்டுபவர். "எளிதில் கிழியாத கால்சட்டை வேண்டும்" என்று கேட்டார்.

டேவிஸ் யோசித்தார். பையின் ஓரம்தான் முதலில் கிழியும். அந்த இடத்தில் செம்பு ரிவெட் அடித்தார். கால்சட்டை உறுதியாக இருந்தது. பலரும் தேடி வந்து வாங்கினார்கள்.

இந்த முறைக்கு அரசிடம் உரிமை பெற டேவிஸ் விரும்பினார். கையில் பணம் இல்லை. ஆங்கிலத்தில் நன்றாக எழுதவும் வராது. ஊர் மருந்துக்கடைக்காரரின் உதவியோடு ஒரு கடிதம் எழுதினார். தமக்குத் துணி கொடுக்கும் வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்கு அதை அனுப்பினார்.

வியாபாரி பணம் கட்டினார். 1873 மே 20-ஆம் தேதி உரிமை கிடைத்தது. டேவிஸுக்கு லீவையின் ஆலையில் மேற்பார்வை வேலையும் கிடைத்தது. ஆனால் உலகம் அறிந்த பெயர் 'லீவைஸ்' மட்டுமே. ரிவெட் அடித்த டேவிஸின் பெயர் பலருக்குத் தெரியாது.

இரண்டு குதிரைகள்

அந்தக் காலத்தில் ஜீன்ஸ் வாங்கிய தொழிலாளர்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது. அவர்கள் சரியான சரக்கை எப்படி அடையாளம் காண்பார்கள்? அதற்காக 1886-இல் இடுப்புப் பட்டையில் ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்தார்கள். அதில் ஒரு படம். இரண்டு குதிரைகள் ஒரு கால்சட்டையை இரு பக்கமும் இழுக்கின்றன. கால்சட்டை கிழியவில்லை!

மக்கள் "இரண்டு குதிரை கொடு" என்று கேட்டு வாங்கினார்கள். 1928-இல்தான் 'லீவைஸ்' என்ற பெயர் வணிகச் சின்னமாகப் பதிவானது. நம் ஊரிலும் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் படம் பார்த்து வாங்கியவர்கள் உண்டு.

படமும் பெயரும் ஒரு வாக்குறுதி. 'இது உழைக்கும்' என்று அவை சொல்கின்றன. துணி சீக்கிரம் கிழிந்தால் வாக்குறுதி பொய்யாகும். பெயரும் கெடும்.

நம் நாட்டுத் தையற்காரர்கள்

1995-இல் அகமதாபாத் அரவிந்த் ஆலை ஒரு புதிய சரக்கைக் கொண்டு வந்தது. பெயர் 'ரஃப் அண்ட் டஃப்'. ஒரு பொட்டலத்தில் டெனிம் துணி, ஜிப், ரிவெட், பெயர்த் துண்டு எல்லாம் இருந்தன. விலை ஏறக்குறைய 200 ரூபாய். வாங்கியவர் அதை உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான தையற்காரர்களுக்கு வேலை கிடைத்தது. சிற்றூர்களிலும் ஜீன்ஸ் பரவியது.

தையற்காரருக்குக் கூலி கிடைத்தது. பெயர் ஆலையிடமே இருந்தது.

சொந்தப் பெயரில் தைக்க

தையல் தெரிந்த நாலு பேர் சேர்ந்தால் சிறிய அளவில் தொடங்கலாம். செய்ய வேண்டியவை இவை:

1. யாருக்காகத் தைக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். கூலி வேலை செய்பவருக்கு உறுதி முக்கியம். கல்லூரி மாணவருக்குப் புதுமை முக்கியம்.

2. சிறிய பெயராக வையுங்கள். எளிதில் படிக்க வர வேண்டும். பக்கத்தில் ஒரு படமும் இருக்கட்டும். அடுத்தவர் பெயரைப் போல வைக்காதீர்கள்.

3. டெனிமில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் உள்பக்கம் வெளுப்பாகத் தெரிகிறது. இந்தத் துணி சுருங்கும், சாயமும் போகும். ஆகவே நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள்.

4. தடித்த துணிக்கு 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். தடித்த நூல் வேண்டும். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். பை ஓரத்தில் ரிவெட் அடியுங்கள்.

5. துணி, நூல், ஜிப், மின்சாரம், வண்டிச் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் கூலியையும் மறக்காமல் எழுதுங்கள். கூட்டிப் பார்த்த பிறகே விலை வையுங்கள்.

6. பெயரைப் பதிவு செய்யுங்கள். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் இதற்கு உதவுகிறது. உடைகள் 25-ஆம் வகுப்பில் வரும். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் சென்னையில் பதிவு அலுவலகம் உள்ளது. ஒரு முறை பதிந்தால் 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்கலாம். அதே பெயரை வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

விண்ணப்பத்தை நீங்களே படித்துப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? அதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கலந்து பேசுங்கள்

• ஜேக்கப் டேவிஸின் பெயர் ஏன் பலருக்குத் தெரியவில்லை?

• உங்கள் ஊரில் செய்யும் எந்தப் பொருள் வேறு ஊர்ப் பெயரில் விற்கிறது?

• நீங்கள் ஜீன்ஸ் தைத்தால் என்ன பெயர் வைப்பீர்கள்? என்ன படம் போடுவீர்கள்? எழுதிக் காட்டுங்கள்.