பிள்ளை யாரோடு?



வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையால் போகும் பிள்ளை, மரைன் டிரைவையும் புகையிரதப் பாதையையும் கடந்தே அலையைத் தொடவேண்டும். அலையிரைச்சலில் புகையிரதச் சத்தம் அமுங்கிவிடக்கூடும். பிள்ளையைக் கண்ட மாத்திரத்தில் சாரதியால் வண்டியை நிறுத்தவும் இயலாது.

விபத்து நேர்ந்ததும் நாம் சொல்வதென்ன? "சாரதி பார்க்கவில்லை." "வேலி இல்லை." "கூடப்போன பெடியன் கவனித்திருக்கலாம்." இவற்றில் உண்மை இருக்கலாம், குறையைத் தட்டிக்கேட்பதும் கடமையே. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அங்கே தனியே போனது எப்படி? இதற்குப் பதில் சொல்லவேண்டியவர் நாமல்லவா?

லூக்காஸ் நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். 12 வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டார். உறவினரோடு வருவார் என்றெண்ணி மரியாளும் சூசையப்பரும் ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள். 'யாரோடாவது இருப்பான்' என்ற எண்ணம் திருக்குடும்பத்துக்கே வந்ததென்றால், நமக்கு வராதா? ஆயினும் அவர்கள் உறவினரைக் குறைகூறியதாக நற்செய்தியில் இல்லை. இருவருமாகத் திரும்பிப் போய்த் தேடினார்கள். மூன்றாம் நாள் கண்டடைந்தார்கள்.

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும் பிள்ளை வளர்ப்பின் முதற்பொறுப்பைத் தாய் தந்தையரிடமே வைக்கிறது, தாயிடம் மட்டுமல்ல.

ஆகவே, பிள்ளை வாசற்படி தாண்டுமுன் கேளுங்கள்: எங்கே? யாரோடு? எப்போது திரும்புவாய்? கடற்கரைக்கு என்றால், கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். பழி யார்மீது விழுந்தாலும், போன பிள்ளை திரும்பி வராது.