மூழ்கிய மரக்கலமும் மூழ்காத சொல்லும்

கிள்ளான் துறைமுகம் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்று அழைக்கப்பட்ட காலத்தில், நம் முன்னோர் பலர் நீராவிக் கப்பலில் வந்து அங்கே இறங்கினர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் மரக்கலங்களில் இக்கடலைக் கடந்துள்ளனர். வழியில் மூழ்கியவையும் இருந்திருக்கும். அவற்றின் மரங்கள் எங்கே? விடை காண, முதலில் தொலைவில் உள்ள ஓர் ஏரிக்குச் செல்வோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி கடல்போல் பரந்தது. 1868-இல் கட்டப்பட்ட 'ரவுஸ் சிம்மன்ஸ்' என்னும் மூன்று பாய்மரச் சரக்குக் கப்பல், 1912 நவம்பரில் கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிக்கொண்டு சிகாகோ நகரை நோக்கிப் புறப்பட்டது. புயலில் சிக்கி மூழ்கியது. கப்பலில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. 1971-இல் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் அது கண்டெடுக்கப்பட்டபோது, சரக்கறையில் அந்த மரங்கள் இன்னும் அடுக்கப்பட்டிருந்தன!

காரணம் என்ன? ஏரி நீர் குளிர்ந்தது; உப்பற்றது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அங்கு இல்லை. பெயரில் புழு என்றாலும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். நம் கடல்களோ வெப்பமும் உப்பும் நிறைந்தவை. மணலில் புதையாத மரத்தை இது சில ஆண்டுகளிலேயே அரித்துவிடும்.

இலங்கையின் தென்கரையில், கொடவாய அருகே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கப்பல் ஒன்றின் எச்சம் கிடைத்துள்ளது. மட்பாண்டங்கள், கண்ணாடிக் கட்டிகள், அரைக்கும் கல் ஆகியவை மிஞ்சின. மரத்தில் சிறு துண்டுகளே எஞ்சின.

கடல் காக்காததை மொழி காத்தது. கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, ஓடம் எனத் தமிழில் எத்தனை சொற்கள்! இவற்றுள் 'கலம்' என்பது பாண்டத்தையும் கப்பலையும் ஒருங்கே குறிக்கும். இரண்டும் உள்ளே பொருளைத் தாங்குபவை அல்லவா?

மணிமேகலையில் வரும் சாதுவன் கதையையும் எண்ணிப் பாருங்கள். பொருள் தேடிச் சென்ற அவனது கப்பல் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் தீவில் கரையேறுகிறான். அவன் இறந்தான் என்ற செய்தி கேட்டு மனைவி ஆதிரை தீப்புகத் துணிகிறாள். கரையில் காத்திருப்போரின் துயரையும் சாத்தனார் அறிந்திருக்கிறார்.

மாணவ நண்பர்களே! மலாய் மொழியில் கப்பலைக் 'காப்பால்' என்கிறோம். அது தமிழ்க் 'கப்பல்' தந்த சொல் என்பது மொழியறிஞர் முடிவு. கிள்ளான் துறைமுகத்தில் எல்லா இனத்தவர் நாவிலும் அது நாள்தோறும் ஒலிக்கிறது. கலத்தின் மரத்தைப் புழு தின்றது. பெயரைத் தின்ன முடியவில்லை. ஆனால் புழங்காத சொல்லுக்கு மறதியே புழு. வங்கத்தையும் நாவாயையும் அகராதியில் உறங்கவிடாமல் நம் எழுத்தில் மிதக்கவிடுவோம்.